ஐந்து நாற்பதுக்கு வராதவர்

செத்தவர்கள் எழுந்து நடக்கும்போது இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார்கள் என்ற எண்ணம் மக்களிடையே வேரோடிப் போயிருக்கிறது. இது தவறு. சிறிய தவறும் அல்ல. இதைத் திருத்தாமல் ஒரு சமூகம் எப்படி நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறது என்பது கோமதிநாயகத்துக்கு விளங்கவே இல்லை. கையை நீட்டிக்கொண்டு நடப்பவன் எதிலாவது முட்டிக்கொள்வோமோ என்று பயப்படுகிறவன். பயப்படுவதற்கு உயிர் வேண்டும். கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி தேடுகிறவர்கள்தான் அப்படி நடப்பார்கள், அவர்கள் எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள். செத்தவனுக்கு முட்டினால் என்ன, முட்டாவிட்டால் என்ன? அவன் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்து வருகிறவனைப் போலத்தான் வருவான். இதை அவர் தன் நாவலின் நாற்பத்தோராம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தார். ஆனால் வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக் காட்சியில், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்துத் தியேட்டரில், அந்த நாவலிலிருந்து எடுத்த ‘கடிவாய்’ என்ற படத்தில், எண்பது பிணங்களும் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தன. ஓடி! செத்து மூன்று நாளான முழங்காலை வைத்துக்கொண்டு. அறுபத்திரண்டு வருஷமாக உயிரோடு இருக்கும் தன் முழங்காலால் பால்கனிப் படிகளை ஏறிவர முடியவில்லை என்பதை நினைத்துக்கொண்டு அவர் அதைத் தடவினார். பின்வரிசையில் எவனோ, “ஏலே, இவனுவ நம்ம பி.டி. வாத்தியார்ட்ட பழகுனவனுவ போலருக்கு மக்கா” என்றான். மொத்த வரிசையும் சிரித்தது. படம் தொடங்கி அரைமணி நேரத்தில் கேட்ட முதல் நல்ல வசனம் அதுதான், அதை எழுதினவனுக்குப் படத்தில் பெயர் இல்லை. கோமதிநாயகத்தின் பெயர் இருந்தது, ஆரம்பத்தில் எழுத்துப் போடும்போதே. புகை மண்டலத்துக்குள்ளிருந்து ஒரு எலும்புக் கை வெளியே வந்து அதைப் பிடித்து நசுக்கிவிட்டுப் போயிற்று. பக்கத்து இருக்கையில் இருந்த மைனி, அவருடைய அண்ணன் பெண்டாட்டி, அப்போது மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். “ஒங்க பேரு வந்துட்டா தம்பி?” என்று கேட்டாள். “வந்துட்டு மைனி.” “நல்லாப் போட்டிருந்தாகளா?” “நல்லாப் போட்டிருந்தாக.”

நாவலில் யாரும் யாரையும் கடிக்கவில்லை. ஒரு பஞ்சாலை ஊரில் செத்துப்போன தொழிலாளிகள் திரும்பி வருகிறார்கள், மறுநாள் காலை ஆலை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள், உயிரோடு இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று இடம் விடுகிறார்கள், அவ்வளவுதான். யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்பதுதான் அதிலிருக்கும் பயங்கரம். முந்நூறு பிரதி அச்சிட்டு, பதினான்கு வருஷம் கழித்தும் பதிப்பாளரின் கட்டிலுக்கு அடியில் பாதி இருந்த அந்தப் பயங்கரத்தைத் தேடிப்பிடித்து, கௌசிக் ராஜன் என்ற இயக்குநர் சென்னையிலிருந்து போன் பேசினார். “சார், நாவல் மிரட்டல் சார். ரெண்டு நாள் தூங்கல. ஆன்மாவ அப்படியே வச்சுக்குறோம் சார், உடம்ப மட்டும்தான் மாத்துறோம்.” செத்தவன் எழுந்து நடக்கும் கதையில் அப்படியே இருப்பது உடம்பு, போய்விடுவதுதான் ஆன்மா என்று கோமதிநாயகம் அப்போதே திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. சார் என்று அத்தனை தடவை அவரை யாரும் கூப்பிட்டு வெகுநாளாகியிருந்தது. பிறகு ஒப்பந்தம் வந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் பத்திரம் பார்த்தவர் அவர். தகப்பனார் பெயர் சரியா, கதவு எண் சரியா, சாட்சிகள் இரண்டு பேர் உண்டா என்று பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டார். நிலமாக இருந்தால் வடக்கே யார், தெற்கே யார், கிணறு யாருக்கு, நடைபாதை யாருக்கு என்று நான்கெல்லையும் எழுதியிருப்பார்கள், அவரும் விரலை வைத்து வாசித்திருப்பார். கதைக்கு நான்கெல்லை எழுதும் வழக்கம் இல்லை. அதில் ஒரு கிணறு இருந்தது. அது தன்னுடையது அல்ல, மைனியுடையது என்பது பத்திரம் தபாலில் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. இல்லை, அதுவும் பொய். போடும்போதே தெரியும். தெரிந்து, தெரியாதவனைப் போலப் போட்டார்.

திரையில் கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு பிணத்தின் தலையை வீச்சரிவாளால் சீவினான். தலை பறந்துபோய் ஒரு கோயில் உண்டியல் மேல் உட்கார்ந்தது. விசில். மைனி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஒரு கதவு திறக்கும் காட்சி வந்தால் மட்டும் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து முன்னால் குனிந்தாள். பாவம், பயப்படுகிறாள், கூட்டி வந்திருக்கக் கூடாது. கூட்டி வராமல் எப்படி இருப்பது? கோயமுத்தூரிலிருந்து மைனியின் மகள் அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்: சித்தப்பா கதை சினிமாவா வருதும்மா, அப்பா வேல பாத்த மில்லுதான் கதையாம். அன்று ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் அந்த ஒரு நாள் அவர் மைனி வீட்டில்தான் சாப்பிடுவார். மற்ற ஆறு நாள் மெஸ் சாப்பாடு, கல்யாணம் என்று ஒன்று ஆகாததால் ஆறு நாளும் ஒரே மெஸ். சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே, “நம்ம வீட்டுக் கதையாமே தம்பி, என்னையும் கூட்டிட்டுப் போங்க” என்றாள் மைனி. “அது ஒங்களுக்குப் பிடிக்காது மைனி, பிணமா வரும்.” “எனக்கு என்னத்துக்குப் பயம்? நான் பாக்காத பிணமா?” அவர் தட்டை நீட்டி ரசம் கேட்டார். பிரமநாயகி என்ற பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கும் அவருடைய மைனி, நாற்பத்தோரு வயதில் அண்ணன் சிவனணைந்தபெருமாளின் பிணத்தைப் பார்த்தவள். ஆலைக்குள் நூற்புப் பிரிவில் நின்றபடியே சரிந்தவரை நான்கு பேர் தூக்கி வந்து கூடத்தில் கிடத்தினார்கள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவள் அழுவதற்கு முன்னால் அந்தப் பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

அண்ணனின் முதல் வருஷத் தலைத் திதி முடிந்த மத்தியானம் அது. வந்தவர்கள் போய்விட்டார்கள். மைனி பின்வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டு, தலையைத் தூக்காமல் சொன்னாள். ஒரு வருஷமாக, தினமும் சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு, வாசல் கதவின் கொண்டி எடுபடும் சத்தம் கேட்கிறது. சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்கிறது. ஒரு டம்ளரில் காப்பி எடுத்து ஜன்னல் கட்டையில் வைப்பாள். ஆறும்வரை பக்கத்தில் இருப்பாள். பிறகு அதைக் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பாள். “கிறுக்குன்னு நெனப்பாக. யாருட்டயும் சொல்லிராதீய.” “சே, நான் என்னத்துக்கு மைனி சொல்லப்போறேன்” என்றார் கோமதிநாயகம். சொல்லிவிட்டு வேகமாக வீட்டுக்கு நடந்தார். வேகமாக. ஏன் அந்த வேகம் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து எழுதினார். அது பதினோராம் அத்தியாயம் ஆயிற்று. செத்தவன் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறான், ஜன்னல் ஓரம் உட்காருகிறான், பெண்டாட்டி டம்ளரை வைத்துவிட்டு உடைந்து அழுகிறாள். அந்த அழுகைக்கு ஒன்பது வரிகள். அண்ணன் செத்து ஒரு வருஷத்தில் அவர் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது அந்த ஒன்பது வரிகளை எழுதின மத்தியானம்தான். இப்படி ஒரு மிருகம் உண்டா உலகத்தில்? கடிக்கிற பிணமெல்லாம் இதற்கு உறை போடக் காணுமா? பிற்பாடு சிற்றிதழ் ஒன்றில் ஒரு விமர்சகர், விதவையின் துக்கத்தை இவ்வளவு துல்லியமாக எழுதினவர் தமிழில் இல்லை என்று எழுதினார். துல்லியமாக. அந்தச் சொல்லை அவர் ஒரு வாரம் வாயில் போட்டு அதக்கிக்கொண்டிருந்தார். மைனிக்கு ஒரு பிரதி கொடுத்தார், செய்தித்தாளில் பொதிந்து. அடுத்த தடவை போனபோது அது பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் செய்தித்தாள் சுற்றியபடியே இருந்தது. பிரிக்கவில்லை! அன்றைக்கு அவருக்கு வந்த நிம்மதியும் அன்றைக்கு அவருக்கு வந்த எரிச்சலும் ஒரே எடை. ரகசியம் முந்நூறு பிரதிகளில் அச்சேறி, ஒருவருக்கும் தெரியாமல் பத்திரமாக இருந்தது. தமிழில் எதையாவது ஒளித்து வைக்க வேண்டும் என்றால் அதை இலக்கியமாக எழுதிவிடுவதுதான் நல்ல வழி. ஆனால் சினிமா அப்படியல்ல. இப்போது அது அறுநூறு நாற்காலி போட்ட கொட்டகையில் வெளிச்சமாக வரப்போகிறது. டம்ளர் வரும். ஜன்னல் கட்டை வரும். மைனி திரும்பி அவரைப் பார்ப்பாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்காது.

இடைவேளையில் அவர் சமோசா வாங்கி வந்தார். மைனி அதைப் பிய்த்து ஆறவைத்தாள். “இந்தச் சண்டாளனுவளுக்கு ஏன் நகம் இப்படி வளந்து கெடக்கு தம்பி? செத்தா நகம் வளருமா?” “வளராது மைனி. தோல் சுருங்கும், அதனால வளந்தாப்புல தெரியும். ரொம்பப் பேரு தப்பா நெனச்சுக்கிட்டு இருக்காக.” “ஒங்க அண்ணனுக்கு நகமே இருக்காது. கடிச்சுக் கடிச்சுத் துப்பிருவாக.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவர் கையிலிருந்த சமோசாவைத் தாளில் வைத்தார். இப்போதே சொல்லிவிடலாம். மைனி, நீங்க சொன்னத நான் எழுதிட்டேன், இன்னும் கொஞ்ச நேரத்துல அது வரும், எழுந்து போயிருவோம். மூன்று சிறிய வாக்கியங்கள். நாவல் முழுவதிலும் அவர் ஒரு வாக்கியத்துக்கும் இப்படித் திணறியதில்லை. “மைனி...” “சொல்லுங்க.” “உறைக்குதோ?” “உறைக்கல. பெறவு என்ன, அடுத்தாப்புல என்ன வரும்?” “தெரியல. நெறைய மாத்திட்டாக.” “மாத்திட்டாகளா?” என்றாள் மைனி. அவள் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது போல இருந்தது. விளக்கை அணைத்துவிட்டார்கள், அதனாலாக இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் ஒரு பாட்டு. பிணங்கள் பின்னணியில் ஆட, பரிசோதனைக் கூடத்து விஞ்ஞானி ஒருத்தி முன்னணியில் ஆடினாள். அவள் போட்டிருந்த மூக்குக் கண்ணாடி வெறும் சட்டம்தான், சில்லு இல்லை. நாவலில் விஞ்ஞானி இல்லை, பரிசோதனைக் கூடம் இல்லை, பிணம் எழுவதற்குக் காரணமே இல்லை. படத்தில் சீனாவிலிருந்து வந்த உரம். கோமதிநாயகம் மனதுக்குள் ஒரு பேச்சைத் தயாரித்தார். வாசலில் யாராவது கேட்டால் சொல்ல. இந்தப் படத்தில் உண்மையிலேயே செத்தது என் நாவல் ஒன்றுதான், அது எழுந்து நடக்கவும் இல்லை. ‘அதுவும்’ என்று போட்டால் இன்னும் அழுத்தமாக இருக்குமா? திருத்தினார். மறுபடி திருத்தினார். அந்தச் சமயம் திரையில் ஒரு ஓட்டு வீடு வந்தது. சாயங்கால வெயில். ஒரு பெண், முதுகு மட்டும். வந்துவிட்டது. மைனி இருக்கையின் விளிம்புக்கு வந்தாள், முன் இருக்கையின் முதுகை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கொண்டி எடுபட்டது. நிஜமாகவே, கொண்டி எடுபடும் சத்தம், அதைக்கூட எடுத்துக்கொண்டுவிட்டார்களே பாவிகள். கதவு திறந்தது. நகைச்சுவை நடிகர் வாளி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்து, “அக்கா, கடிச்சாலும் பரவால்ல, கருவாட்டுக் குழம்பு இருக்கா?” என்றார். கொட்டகை அதிர்ந்தது. மைனி மெதுவாகப் பின்னால் சாய்ந்தாள். அவர் மூச்சை விட்டார். தப்பித்தோம். இல்லை, இனிமேல்தான் வரும். வரவில்லை. வரக்கூடாது. ஏன் வரவில்லை? கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றேகால். இன்னும் அரைமணி நேரத்தில் எங்கே வைப்பார்கள்? வைக்க முடியாது. வெட்டிவிட்டார்கள். முதலில் நெஞ்சு முழுக்க நிம்மதி வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே கோபம் வந்தது. நாவலில் உயிரோடு இருந்த ஒரே அத்தியாயம், துல்லியம் என்று ஒருவன் எழுதின அத்தியாயம், அதை ஒருத்தனும் எடுத்துப் பார்க்கவில்லை! கிணற்றோடு நிலத்தை வாங்கி, கிணற்றைத் தூர்த்துவிட்டான். வந்தால் மைனி போய்விடுவாள், வராவிட்டால் நாவல் போய்விடும். இந்த இரண்டில் எது போனதற்குத் தான் இப்போது பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறோம் என்று யோசித்து, தெரிந்ததும், யோசிப்பதை நிறுத்தினார். கதாநாயகன் ஆலைக்குத் தீ வைத்தான். எண்பது பிணங்களும் கையை நீட்டிக்கொண்டு எரிந்தன.

விளக்குப் போட்டார்கள். பின்வரிசைக்காரர்கள் நாற்காலிகளைப் படபடவென்று மடக்கிவிட்டு இறங்கினார்கள். “எழுதுனவனக் கடிக்கணும்டே மொதல்ல” என்றான் ஒருவன் போகிற போக்கில். கோமதிநாயகம் எழுந்தார், மைனி எழுந்திருக்கவில்லை.

“அவ்வளவுதானா தம்பி?”

“அவ்வளவுதான் மைனி. போவோம்.”

“இல்ல, இதுக்குப் பெறவு ஏதும் போடுவாகளா?”

“பேரு போடுவாக. வேல பாத்தவுக பேரு.”

“அது வரலியே.”

“எது?”

“அவுக வீட்டுக்கு வாரது.”

கோமதிநாயகம் மறுபடி உட்கார்ந்தார்.

“எழுபத்திரண்டாம் பக்கத்துல எழுதியிருந்தீயல்லா, அது” என்றாள் மைனி. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் அதுக்குல்லா வந்தேன். போட்டோவுல அசைய மாட்டாக. சினிமான்னா எவராவது ஒருத்தர் அவுகளப் போல சைக்கிள நிறுத்திட்டு, குனிஞ்சு உள்ள வருவாருல்லா. ஒருக்கா பாத்துட்டுப் போயிரலாம்னு.”

“வாசிச்சீயளா மைனி?”

“மூணு தடவ.”

“அது... பேப்பரு சுத்துனபடி இருந்துச்சே.”

“அட்ட போட்டு வச்சேன். புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துப் பொஸ்தகத்துக்குப் போடுவேம்லா, அப்படி. அழுக்காயிரக் கூடாதுல்லா.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.”

“நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே.”

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். இல்லை. பதினான்கு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் சோறு போட்டுக்கொண்டே காத்திருந்திருக்கிறாள், அவர் ரசம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். “எழுதுனதுல எனக்கு வருத்தம் இல்ல தம்பி. அவுக வாரது எனக்கு மட்டும் கேட்ட சத்தம். நீங்க எழுதுன பெறவு, அது எங்கயோ ஒரு எடத்துல இருக்குன்னு இருந்துச்சு. ஆனா ஒண்ணு தப்பா எழுதிட்டீய.” தப்பு என்ற சொல் காதில் விழுந்ததும், பழக்க தோஷத்தால், அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நான் டம்ளர வச்சுட்டு அழுததா எழுதியிருக்கீய. நான் எங்க அழுதேன்? சந்தோசமால்லா இருந்தேன். உயிரோட இருக்கயில வருவாக, குளிப்பாக, சாப்பிடுவாக, தூங்கிருவாக. எங்கிட்ட ஒக்காந்து ஒரு காப்பி குடிச்சதில்ல. அந்த ஒரு வருசந்தான் ஒக்காந்தாக. சிரிச்சுக்கிட்டே இருப்பேன். பெறவு ஒருநா நின்னுட்டு. அன்னைக்குத்தான் அழுதேன். அத நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.” ஒன்பது வரிகள். துல்லியமாக. வாயில் அதக்கிய சொல் இத்தனை வருஷம் கழித்துக் கசந்தது. துக்கம் எப்படி இருக்கும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது, அதனால்தான் அன்று அவ்வளவு வேகமாக நடந்தார். நின்றிருந்தால், இன்னும் இரண்டு பாத்திரம் துலக்கும் நேரம் நின்றிருந்தால், அவளே சொல்லியிருப்பாள். எலும்புக் கையும் சீன உரமும் செய்தது பெரிய பிழையா? அவர்கள் இல்லாத ஒரு பொம்மையை எடுத்து ஓடவிட்டார்கள். அவர், இருந்த ஒருத்தியை எடுத்து, அவள் சிரிப்பை அழித்துவிட்டு, அந்த இடத்தில் அழுகையை எழுதினார். அதற்குப் பாராட்டும் வாங்கினார்.

இருவரும் படி இறங்கினார்கள். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார், மைனி பிடிக்காமல் இறங்கினாள். வாசலில், கண் கூசும் மத்தியான வெயிலில், யூடியூப்காரர்கள் இரண்டு மூன்று பேர் மைக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் மைனியிடம் வந்து, “அம்மா, படம் எப்டிம்மா இருக்கு? பயமா இருந்துச்சா?” என்று கேட்டார். மைனி கோமதிநாயகத்தைக் காட்டி, “எங்கிட்ட என்னத்துக்குக் கேக்கீய? இவுகதான் எழுதுனது. இவுககிட்டக் கேளுங்க” என்றாள். மைக் அவர் பக்கம் திரும்பியது. “சார், நீங்கதான் நாவல் எழுதினவரா? சூப்பர் சார். நாவல அப்படியே எடுத்திருக்காங்களா? நாவல் நல்லா இருக்கா, படம் நல்லா இருக்கா?” மறுபடி மறுபடி திருத்தின வாக்கியம் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. மைனி ஒரு அடி தள்ளி, வெயிலுக்குத் தலைப்பைப் போட்டுக்கொண்டு, பஸ் வரும் திசையைப் பார்த்தபடி நின்றாள். அவள் காதில் விழும் தூரம்தான். இதைவிட்டால் இன்னொரு தடவை சொல்லத் தைரியம் வராது என்று அவருக்குத் தெரிந்தது. “நாவல்ல ஒரு பெரிய தப்பு இருந்துச்சு” என்றார் கோமதிநாயகம், மைக்கைப் பார்க்காமல். “அது நான் செஞ்ச தப்பு. படத்துல அந்தத் தப்பு இல்ல.” “வேற ஏதாவது சொல்லுங்க சார்.” “அவ்வளவுதான்.” மைனி திரும்பிப் பார்த்தாளா என்று அவரால் பார்க்க முடியவில்லை, கேமரா நடுவில் வந்து மறைத்தது. அது நகர்ந்தபோது டவுன் பஸ் வந்து நின்றிருந்தது, அவள் ஏறிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் கால் பக்கத்துக்கு விளம்பரம் வந்திருந்தது. எரியும் ஆலைக்கு மேலே கொட்டை எழுத்தில், “நாவலில் இருந்த பெரிய தவறு படத்தில் இல்லை! — மூல நாவலாசிரியர் கோமதிநாயகம்” என்று போட்டு, பக்கத்தில் அவர் படத்தையும் வைத்திருந்தார்கள்.